கரையடியில் பன்னிரண்டு அடி

அன்பு மகன் சேகருக்கு,

இங்கே நானும் உன் அம்மாவும் கைகால் நடமாட்டத்தோடு இருக்கிறோம். இந்த வயதில் அதற்கு மேல் ஆசைப்படுவது பேராசை. பூனாவிலிருந்து நீ பதிவுத் தபாலில் அனுப்பிய கடிதமும், அதோடு வைத்திருந்த வாக்குமூலத் தாளும் இரண்டு வாரத்துக்கு முந்தின திங்கட்கிழமை வந்து சேர்ந்தன. தபால்காரர் வழக்கம்போல பஸ் ஸ்டாப் டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு எனக்கு ஆள் விட்டார். நம் வீட்டு வாசலுக்கு வந்து தபால் கொடுக்கிற தபால்காரர் இனிமேல்தான் பிறந்து வர வேண்டும். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு, அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து படித்தேன். தாளில் உன் கையெழுத்து அழகாக இருந்தது. எனக்குப் பக்கத்திலேயே இடம் விட்டிருந்தாய். "ஒரு கையெழுத்துதானேப்பா, போட்டுக் குடுத்துடுங்க" என்று எழுதியிருக்கிறாய். அதற்கு ஒரு வரியில் பதில் எழுத எனக்குத் தெரியவில்லை. அதனால் இந்த நீண்ட கடிதம். ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துப் படி.

விஷயம் என்ன என்று நமக்குள் தெளிவாக வைத்துக்கொள்வோம். ஏரிக்கரையின் அடியில், பஸ் ஸ்டாப்பிலிருந்து நம் வீட்டைத் தாண்டி காலனி வரைக்கும் போகிற பன்னிரண்டு அடி அகலத் துண்டு நிலம் இன்னும் நம் பட்டாவில் இருக்கிறது. லேஅவுட்காரர் அதைக் கேட்கிறார். அதைக் கொடுத்தால் அவருடைய லேஅவுட் வழியாக நம் வாசலுக்கு இருபது அடி ரோடு விடுகிறார். பூர்வீகச் சொத்து என்பதால் நம் இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டும். கூடவே, அந்த நிலத்தில் வேறு யாருக்கும் நடக்கிற உரிமை இல்லை, எந்தக் காலத்திலும் இருந்ததில்லை என்று நாம் வாக்குமூலம் கொடுக்க வேண்டும். அடுத்த மாதம் உன் கல்யாணம். வண்டலூர் சம்பந்தி, மகளை ஏரிக்கரையில் நடக்க வைத்து மறுவீடு அனுப்ப மாட்டேன், கார் வாசல் வரைக்கும் வர வேண்டும் என்கிறார். அவர் கேட்பதில் தப்பில்லை. நானும் பெண்ணைப் பெற்றிருந்தால் அதைத்தான் கேட்டிருப்பேன்.

நீ எட்டு ஒன்பது வருஷம் அந்தக் கரையடி வழியில் பள்ளிக்கூடம் போனவன். ஆனால் எப்போதும் அவசரமாகப் போனவன், அதனால் உனக்கு அந்த வழி தெரியாது என்றே சொல்வேன். லேஅவுட்காரர் போர்டு வைத்திருக்கிறார், "ஏரிக்காற்றுடன் நடைப்பயிற்சிப் பாதை" என்று. அவர் பொய் சொல்லவில்லை. இரண்டு கிலோமீட்டர், மேடு பள்ளம் கிடையாது, முழங்கால் வலிக்காரனும் அரை மணியில் நடந்துவிடலாம். பஸ் ஸ்டாப் புங்க மரத்தில் ஆரம்பித்தால் முதலில் கலங்கல் வரும். ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வெளியே போகிற இடம். பத்து மாதம் காய்ந்து கிடக்கும், கல் மேல் கால் வைத்துத் தாண்டிவிடலாம். அடுத்து பெரிய மதகு. அதன் பக்கத்தில் எழுத்து வெட்டிய பலகைக் கல் ஒன்று. எந்த ராஜா வெட்டியது என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். படிக்கத் தெரிந்தவர் யாரும் வந்ததில்லை, அதில் துணி துவைத்துத் துவைத்து பாதி எழுத்து போய்விட்டது. அப்புறம் கரை திரும்புகிற முனையில் இடுப்பளவு கல் ஒன்று, மஞ்சள் குங்குமத்தோடு. அது மடைக்காரன் கல்.

அந்தக் கதையை நான் உனக்குச் சொன்னதில்லை. எந்தக் காலத்திலோ ஒரு பெருமழையில் கரை அந்த முனையில் உடைந்ததாம். மதகைத் திறந்து மூடுகிற நீர்க்கட்டி, வைக்கோலும் மண்ணும் வந்து சேர்கிற வரைக்கும் உடைப்பில் படுத்துக்கொண்டானாம். மண் வந்தது, மேலே கொட்டினார்கள், அவன் எழுந்திருக்கவில்லை. ஊர் பிழைத்தது. ஒவ்வொரு தை மாசமும் நம் ஆட்கள்தான் அந்தக் கல்லுக்குப் பொங்கல் வைப்போம். அவன் வம்சம்தான் காலனியில் இருக்கிற சின்னப்பன், அவர் மகன் ஆரோக்கியசாமி எல்லாம். அவர்கள் பின்னால் வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவர்கள் ஆனார்கள், அது வேறு. நான் சொல்ல வந்தது இதுதான். கரையைக் காப்பாற்றினவனைக் கும்பிட்டோம், அவன் பேரப்பிள்ளைகளைக் கரை மேல் நடக்க விடவில்லை. மேல் வழி ஊர்க்காரர்களுக்கு. கீழே, கரையடியில் வயல் ஓரமாக ஒற்றையடிப் பாதை காலனிக்காரர்களுக்கு. யாரும் எழுதி வைக்கவில்லை. என் அப்பா காலத்தில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அந்தக் கீழ்வழியில் போவார்கள். நான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு எனக்கு அது ஒன்றும் விசேஷமாகத் தோன்றவில்லை.

இனி என் புத்திசாலித்தனத்துக்கு வருகிறேன். பாகம் பிரிந்தபோது ஊர் வீடு உன் பெரியப்பாவுக்குப் போனது, எனக்குக் களத்துமேடும் அதைச் சுற்றின வயலும் வந்தன. களத்துமேட்டில் வீடு கட்டினேன். வயல் நடுவே மெயின் ரோட்டிலிருந்து வண்டிப்பாதை இருந்தது, என் தாத்தா காலத்திலிருந்து மாட்டு வண்டி போன பாதை. அப்போதுதான் கீழ்க்கட்டளை, மேடவாக்கம் என்று எல்லாப் பக்கமும் மஞ்சள் பெயின்ட் அடித்த கல் நட ஆரம்பித்திருந்தார்கள். ஏர் ஓட்டுகிறவன் இளக்காரம், மனை விற்கிறவன் பெரிய மனுஷன். நானும் பெரிய மனுஷன் ஆனேன். ஒவ்வொரு பத்திரம் எழுதும்போதும் எழுத்தர் கேட்பார், "வழி எதுனா ஒதுக்கணுமா?" என்று. நான் சிரிப்பேன். "நம்ம நிலம், நம்ம வழி, நம்மள யாருய்யா கேக்கப் போறாங்க?" என்பேன். வரப்பு மேலே பிறந்து வளர்ந்தவனுக்கு நடப்பதற்கு ஒரு காகிதம் வேண்டும் என்று எப்படித் தோன்றும்? இந்தப் பக்கத்துப் பழைய குடும்பங்களில் பாதிப் பேர் செய்த தப்பு இது. நான் மட்டும் கொஞ்சம் முழுசாகச் செய்தேன். கடைசியாக விற்ற மனையில் வண்டிப்பாதையும் சேர்ந்தே போய்விட்டது. கரையை ஒட்டி மனை போடக் கூடாது என்று அதிகாரிகள் தடுத்ததால் அந்தப் பன்னிரண்டு அடித் துண்டு மட்டும் தப்பியது.

நீ நாலாவது படித்துக்கொண்டிருந்தாய். ஒரு காலையில் பார்த்தால் கொத்தனார் வண்டிப்பாதைக்குக் குறுக்கே நூல் பிடித்துக்கொண்டிருக்கிறார். மனை வாங்கியவர் ரிட்டயர்டு ஆபீசர், கெட்டவர் இல்லை. "சார், இது எங்க வழி, மூணு தலைமுறையா நடக்கறோம்" என்றேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "பத்திரத்துல வழின்னு எங்க போட்டிருக்கு? காட்டுங்க, வேலைய இப்பவே நிறுத்திடறேன்" என்றார். நான் காட்டவில்லை. காட்ட எதுவும் இல்லை. ஊரில் எனக்குச் சாட்சி சொல்ல ஒருத்தன் வரவில்லை. எல்லோரும் அந்தப் பாதையில் நடந்தவர்கள்தான். ஆனால் எல்லோரிடமும் விற்க ஒரு மனை இருந்தது, எதற்கு வம்பு என்று இருந்துவிட்டார்கள். மூன்று நாளில் சுவர் தலைக்கு மேல் போய்விட்டது. பிறகு வடக்கே ஒரு சுவர், மேற்கே ஒரு சுவர். நாலாவது பக்கம் ஏரி. யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது. உன் அம்மா அன்றைக்குச் சொன்னாள், "ஊருக்கெல்லாம் மனை பிரிச்சுக் குடுத்தீங்க, நமக்கு ஒரு வாசல் பிரிச்சுக்கத் தெரியலையே." 

அதன் பிறகு நாம் வாழ்ந்த வாழ்க்கை உனக்குத் தெரியும், ஆனாலும் எழுதுகிறேன், எழுதினால் எனக்குக் கொஞ்சம் ஆறுகிறது. காஸ் சிலிண்டர் புங்க மரத்தடியோடு நின்றுவிடும், அங்கிருந்து உருட்டிக்கொண்டு வர வேண்டும். ஃப்ரிட்ஜை நாலு பேர் தோளில் தூக்கி வந்ததைப் பார்த்து, யாரோ போய்விட்டார்கள் என்று கும்பிட்டவர்கள் உண்டு. உறவுக்காரர்கள் ஒரு தடவை வந்தார்கள், மறு தடவை மண்டபத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். ஜன்னலைத் திறந்தால் சுவர். கொல்லையில் நின்றால் சுவருக்கு அந்தப் பக்கம் குக்கர் விசில் கேட்கும், டிவி கேட்கும், ஒரு முகம் தெரியாது. வெயில் நேரத்தில் வீட்டுக்குள் இருந்தால் நெஞ்சை யாரோ உட்கார்ந்து அமுக்குவது மாதிரி இருக்கும். சும்மா எழுந்து வாசலுக்கு வருவேன், எங்கே போவது என்று தெரியாமல் திரும்பி உள்ளே போவேன். நீ பன்னிரண்டாவது முடித்ததும் எந்த ஊராக இருந்தாலும் சரி என்று ஓடினாய். நான் உன்னைக் குறை சொல்லவில்லை. எனக்கு ஓட இடம் இருந்திருந்தால் நானும் ஓடியிருப்பேன்.

கரையின் மேல் வழியில் சீமைக்கருவேல் மண்டி, முனையில் மண்ணும் சரிந்துவிட்டதால், நமக்கும் மிஞ்சியது கீழ்வழிதான். அவர்கள் வழி. முதல் நாள் உன்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எதிரே சின்னப்பன் மண்வெட்டியோடு வந்தார், எழுபது வயதிருக்கும். நம்மைப் பார்த்ததும் பாதையை விட்டு முழங்கால் சேற்றில் இறங்கி, "வாங்க ஆண்டே" என்று ஒதுங்கி நின்றார். அது அவர் நடக்கிற பாதை. வழி இல்லாமல் வந்தவர்கள் நாம். நீ திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாய். "அந்தத் தாத்தா ஏம்ப்பா சேத்துல நிக்கறாரு?" என்று கேட்டாய். நான், "அவங்களுக்கு அதெல்லாம் பழக்கம்டா, நீ நட" என்றேன். நீ நடுப்பாதையில் நடந்தாய். அன்றைக்கு நடந்தது அவ்வளவுதான். இப்போது உன் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது: "காலனிக்காரங்க ஏரியச் சுத்திப் போய்க்குவாங்கப்பா, அவங்களுக்கு நடந்து பழக்கம்." டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அதைப் படித்தபோது என் குரலே என்னிடம் திரும்பி வந்து பேசியது மாதிரி இருந்தது. உன் மேல் கோபம் வரவில்லை. வெட்கமாக இருந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், அதை நீயும் நானும் அம்மாவும் இத்தனை வருஷமாகப் பேசாமலே ஒதுக்கி வைத்திருக்கிறோம். நீ ஒன்பதாவது படிக்கிறபோது கார்த்திகை மழையில் கலங்கல் இடுப்பளவு ஓடியது. நாம் உள்ளே மாட்டிக்கொண்டோம், காலனியும் மாட்டிக்கொண்டது. கூடுவாஞ்சேரியில் உன் அம்மாவின் அப்பா இறந்துபோனார் என்று அக்கரையிலிருந்து ஆள் கத்திச் சொன்னார். காலனி ஆட்கள் கலங்கலின் இரண்டு பக்கமும் கட்டை அடித்துக் கயிறு கட்டி, பெண்களையும் குழந்தைகளையும் கைமாற்றிக் கைமாற்றி அக்கரை சேர்த்துக்கொண்டிருந்தார்கள். ஆரோக்கியசாமி வந்து சொன்னான், "அம்மாவக் கூட்டிகினு வாங்க சார். நான் முன்னால புட்ச்சிக்கிறேன், எம் பொஞ்சாதி பின்னால வரும். ஒண்ணியும் ஆவாது." உன் அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டாள். நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். தண்ணீருக்குப் பயந்து என்று எல்லோரிடமும் சொன்னேன். தண்ணீருக்காக இல்லை. அவர்கள் கை மேல் கை பிடித்து என் மனைவி போவதா என்று நினைத்தேன். அதுதான் உண்மை. "நாளைக்கு வடிஞ்சுடும்" என்றேன். மூன்று நாள் கழித்துதான் வடிந்தது. அவள் தன் அப்பா முகத்தைப் பார்க்கவில்லை. அன்றைக்கு அவளை அடைத்து வைத்தது சுவர் இல்லை, தண்ணீர் இல்லை, நான்தான். அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால்கூட நான் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருப்பேன். நீ கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவன், அதனால் சொல்கிறேன். மனைவி பேசாமல் இருக்கிறாள் என்றால் மறந்துவிட்டாள் என்று எடுத்துக்கொள்ளாதே.

ஆகவே, எனக்கு ரோடு வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதே. எனக்கு வேண்டும். அவளுக்கு என்னைவிட அதிகமாக வேண்டும். லேஅவுட்காரர் வீட்டுக்கே வந்து, சேற்றில் ஷூவோடு நடந்து வந்து, "ஐயா, இந்தக் கரையடிய நான் எடுத்துக்கறேன். ரெண்டு பக்கமும் கேட்டு, பெஞ்சு, லைட்டு, எல்லாம் போட்டு மனைக்காரங்க வாக்கிங் போற மாதிரி பண்ணிடறேன். உங்களுக்கு வாசல்ல ரோடு. காலனி ஆளுங்க வழி கேட்டு பெட்டிஷன் போடறதுக்குள்ள முடிச்சிடணும்" என்றபோது, பதினைந்து வருஷமாக நெஞ்சின் மேல் உட்கார்ந்திருந்தது எழுந்து போகிற மாதிரி இருந்தது. "காலனிக்காரங்க எப்படிப் போவாங்க?" என்று கேட்டேன். "ஏரிக்கு அந்தாண்ட வழி இருக்கே ஐயா, ஒரு மணி நேரம் கூட ஆகும், அவ்ளோதான். லேஅவுட் உள்ள வாட்ச்மேன் விடமாட்டான்" என்றார். நான் சரி என்று தலையாட்டினேன். அதையும் எழுதத்தான் வேண்டும். அப்போது எனக்கு என் வாசல் மட்டும்தான் தெரிந்தது.

உன் தாள் வந்த மறுநாளே அதை எடுத்துக்கொண்டு தாம்பரத்துக்குப் பத்திர எழுத்தரிடம் போனேன், கையெழுத்துப் போடத்தான் போனேன். எழுத்தர் வாய்விட்டுப் படித்தார்: "மேற்படி நிலத்தில் எங்கள் குடும்பத்தைத் தவிர வேறு எவருக்கும் வழிநடைப் பாத்தியம் கிடையாது, எக்காலத்திலும் இருந்ததுமில்லை." பேனாவைக் கையில் வாங்கிவிட்டேன். வாங்கின பிறகு, "பத்திரத்துல எங்க போட்டிருக்கு, காட்டுங்க" என்று அந்த ரிட்டயர்டு ஆபீசர் கேட்டது காதில் விழுந்தது. அவராவது தெரியாமல் கேட்டார். நேற்று வந்தவர், நாங்கள் நடந்ததை அவர் பார்த்ததில்லை. நான் பார்த்தவன். பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பவன். எழுதாத வழிக்கு, கூட இருந்து பார்த்தவன் வாய்தான் பத்திரம். எனக்கு ஒரு வாய்கூடக் கிடைக்கவில்லை, அதனால்தான் சுவருக்குள் உட்கார்ந்திருக்கிறேன். அவர்களுக்கு இருக்கிற ஒரே பத்திரம் நான். அதைத்தான் என் கையாலேயே கிழிக்கச் சொல்கிறார்கள். எழுத்தரிடம் மூக்குக் கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டேன் என்று பொய் சொன்னேன். கண்ணாடி மூக்கின் மேல்தான் இருந்தது. அவர் பேனாவை வாங்கி வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் தாளைக் கொடுத்தேன். புளி கரைத்துக்கொண்டிருந்தவள் கையைத் துடைத்துவிட்டு இரண்டு தரம் படித்தாள். "எனக்கு ரோடு வேணுங்க. இந்த மழைக்கு முன்னாடி வந்தா நல்லா இருக்கும். சேகரு பொண்டாட்டி என்னை மாதிரி இதுக்குள்ள இருக்க வேணாம்" என்றாள். தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "ஆனா இதுல எழுதியிருக்கறது பொய். காலையிலகூட ஆரோக்கியசாமி பொண்டாட்டியோடதான் பேசிகிட்டே நடந்து வந்தேன்" என்றாள். மறுபடியும் புளியைக் கரைக்கப் போய்விட்டாள். இரண்டும் அவள் சொன்னதுதான், நீ எதை எடுத்துக்கொள்வாயோ தெரியாது. நான் அன்றைக்கு முழுக்க இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தேன்.

பிறகு நானாக ஒரு பத்திரம் எழுத வைத்தேன். அந்தப் பன்னிரண்டு அடியைப் பொதுவழியாக விடுகிறேன் என்று. எழுதின கையோடு எனக்குப் பெரிய தர்மப்பிரபு ஆகிவிட்ட நினைப்பு. நகலை எடுத்துக்கொண்டு நேராகக் காலனிக்குப் போனேன். இத்தனை வருஷத்தில் நான் அந்தத் தெருவுக்குள் போனது அதுதான் முதல் தடவை. ஆரோக்கியசாமி ரயில்வேயில் டியூட்டி முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். இல்லை, இருந்தார். இந்த வயதில் பழக்கத்தைத் திருத்துவது கஷ்டம், ஆனாலும் திருத்தி எழுதுகிறேன். கையைக் கழுவிக்கொண்டு வந்து நாற்காலி போட்டார். "இன்னா சார், இம்மாந்தூரம்? சொல்லி அனுப்பிச்சா நானே வந்துகினு இருப்பனே" என்றார். "வழியை உங்களுக்கு எழுதிட்டேம்பா. இனிமே எவனும் கேட் போட்டு அடைக்க முடியாது" என்றேன். அவர் நகலை வாங்கி, விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். மூன்றாவது வரியில் விரல் நின்றது.

"'எனக்குச் சொந்தமான நிலத்தை, காலனி மக்கள் நலன் கருதி, தானமாக'ன்னு போட்டுக்கீது?"

"ஆமாம், அப்படித்தான் எழுதுவாங்க."

"எங்க தாத்தா இதுல நடந்தாரு. எங்கப்பன் நடந்தாரு, உங்களப் பாத்தா சேத்துல எறங்கி நின்னாரு. நானு டெய்லி நடந்துகினு கீறேன். நீங்க தானம் குடுத்தா சார் நடந்தோம்?" குரலை உயர்த்தவே இல்லை. "கோவிச்சிக்காதீங்க. நீங்க ஒண்ணியும் குடுக்க வேணாம். எங்களுதுன்னு ஒத்துக்கினு எழுதுங்க, அது போதும். தானம்னு வாங்கினா, நாளைக்கு உங்க புள்ள வந்து, எங்கப்பா குடுத்தாரு, நான் குடுக்கலன்னு சொல்லுவாரு."

எனக்குக் கோபம் வந்தது. மறைக்க மாட்டேன். மகனுக்கு வருகிற ரோட்டை விட்டுவிட்டு, சம்பந்தியைப் பகைத்துக்கொண்டு, வலியப் போய்க் கொடுத்தால், குற்றம் கண்டுபிடிக்கிறானே என்று உடம்பெல்லாம் எரிந்தது. கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன். வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். இரண்டு நாள் அம்மாவிடம் அதைப் பற்றிப் பேசவில்லை. மூன்றாம் நாள் கொல்லையில் நின்று அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. அந்த ஆபீசர் அன்றைக்கு, "பாவம், போகட்டும், ரெண்டடி உங்களுக்குத் தானமா விடறேன்" என்று சொல்லியிருந்தால் நான் வாங்கியிருப்பேனா? மூஞ்சியில் எறிந்துவிட்டு வந்திருப்பேன். நான் அவரிடம் கேட்டது தானம் இல்லை. ஆமாம், இது உங்கள் வழிதான் என்று ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தை கிடைக்காமல்தான் பதினைந்து வருஷம் புழுங்கினேன். அதே வார்த்தையைத்தான் ஆரோக்கியசாமியும் கேட்டார், எனக்கு அது திமிராகத் தெரிந்தது.

மறுபடியும் தாம்பரம் போனேன். பழையதை அடித்துவிட்டுப் புதிதாக எழுத வைத்தேன். இப்போது அதில் தானம் என்ற சொல் இல்லை. "மேற்படி நிலம் காலனி மக்கள் தலைமுறை தலைமுறையாக நடந்து வரும் வழி என்பதையும், அதில் அவர்களுக்கு வழிநடைப் பாத்தியம் உண்டு என்பதையும் நாங்கள் ஒப்புக்கொள்கிறோம்" என்று இருக்கிறது. நாங்கள் என்றுதான் எழுதியிருக்கிறது, ஏனென்றால் இதற்கும் உன் கையெழுத்து வேண்டும். வண்டலூருக்கு நானே போய்ச் சம்பந்தியிடம் ரோடு வராது என்று சொல்லி, காரணத்தையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார், காபி கொடுத்தார், பதில் சொல்லவில்லை. அவர்கள் வேண்டாம் என்று சொன்னால், இந்தக் கல்யாணம் நின்றது என்னால் என்று நீ யாரிடமும் சொல்லலாம். உன் அம்மா என்னோடு பேசுகிறாள், ஆனால் சாதம் போடும்போது முகத்தைப் பார்ப்பதில்லை. இந்தக் கார்த்திகைக்கும் கலங்கல் ஓடும், நாங்கள் உள்ளே இருப்போம். எனக்கு ஒன்றும் மனசு லேசாகிவிடவில்லை, பார்த்துக்கொள். நல்லது செய்தால் நிம்மதி வரும் என்று சொன்னவனைப் பார்த்தால் இரண்டு வார்த்தை கேட்க வேண்டும்.

இதோடு இரண்டு தாள் வைத்திருக்கிறேன். ஒன்று நீ கையெழுத்துப் போட்டு அனுப்பிய வாக்குமூலம். கிழிக்கவில்லை, என் இடத்தை வெறுமனே விட்டுத் திருப்பி அனுப்புகிறேன். இன்னொன்று ஒப்புதல் பத்திரம். அதில் என் கையெழுத்து இருக்கிறது, கீழே உன் பெயர் டைப் அடித்து இடம் விட்டிருக்கிறது. உன்னை நான் இதில் மாட்டிவிடுகிறேன் என்று தெரியும். உனக்கு ஓடிப்போக இடம் கிடைத்த பிறகும் இந்தப் பட்டா உன் காலைக் கட்டிக்கொண்டு வருகிறது. நீ பத்திரத்தில் போடாவிட்டால் அது செல்லாது, அதற்காக உன்னை மகன் இல்லை என்று சொல்லிவிட மாட்டேன். ஆனால் ஒன்று யோசித்துப் பார். நான் உயிரோடு இருக்கிற வரைக்கும் அந்த வாக்குமூலம் நடக்காது, இரண்டு பேர் போட வேண்டும், நான் போட மாட்டேன். நான் போன பிறகு உன் கையெழுத்து ஒன்றே போதும். ஆரோக்கியசாமிக்கு அது தெரிந்திருக்கிறது, எனக்கும் தெரியும். அந்த வழியில் யார் நடக்கலாம் என்பது என்னோடு முடியப் போவதில்லை, அதைத் தீர்மானிக்கப் போகிறவன் நீ. உனக்கு நடக்கக் கற்றுக் கொடுத்தவன் நான் என்பதால், எனக்குப் பயமாக இருக்கிறது, சேகர்.

பதிலை டீக்கடை விலாசத்துக்கே போடு, வாங்கிக்கொள்கிறேன்.

உன் அப்பா